சிங்கப்பூர் போன்ற சின்ன நாட்டில் உள்ளூர்க் கடைகள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு முன்னால் நிற்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாரும் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்தவரை உள்ளூர்க் கடைகளைச் சாய்த்தது வாடகைதான்.

என் அத்தா ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் மாமா கடை வைத்திருந்தார். சிங்கப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே அக்கம்பக்கத்துச் சின்ன மளிகைக் கடைக்கு அதுதான் பெயர், சீனரும் மலாய்க்காரரும்கூட அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்திலேயே வெளிநாட்டுப் பெயர்ப் பலகையோடு 24 மணி நேரக் கடை ஒன்று வந்தபோது அம்மா ரொம்பப் பயந்தார். ஒன்றும் ஆகவில்லை. எதிர் புளோக்கில் இருந்த சீனப் பாட்டிக்கு எந்த சோயா சாஸ் வேண்டும் என்று அத்தாவுக்குத் தெரியும். இரண்டே இரண்டு முட்டை கேட்டாலும் கொடுப்பார். சம்பள நாள்வரை நோட்டில் எழுதிக்கொள்வார்.

பல வருடம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் கட்டட உரிமையாளர் வாடகையை ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்டார். அத்தா இரண்டு இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மூன்றாம் நாள் கடையை விட்டுவிடுவதாகச் சொன்னார். அந்த இடத்துக்கு வெளிநாட்டு பபுள் டீ கடை வந்தது. நூறு கிளை வைத்திருப்பவர் ஒரு கிளையின் நட்டத்தைத் தாங்கிக்கொள்வார். அத்தாவிடம் இருந்தது ஒரே கடை.

பெரிய பெயர் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்பதும் சரியில்லை. பிரான்சின் பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனமான கேர்ஃபூர் 1997-இல் இங்கே வந்து 2012-இல் கிளம்பிவிட்டது. சன்டெக் சிட்டி, பிளாசா சிங்கப்பூரா என நகர மையத்தில் இரண்டே கடைகள். உள்ளூர் சூப்பர்மார்க்கெட்டான ஃபேர்பிரைஸோ, 1973-இல் விலைவாசி தாறுமாறாக ஏறிய காலத்தில் தோ பாயோவில் தொழிற்சங்கக் கூட்டுறவுக் கடையாகத் தொடங்கி, இன்று வீவக பேட்டைகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கார் இல்லாத குடும்பம் பத்துக் கிலோ அரிசியை எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டா வரும்?

அப்புறம், சுமார் 60 லட்சம் பேர் உள்ள சந்தை ஒரு நிறுவனம் பெரிதாக வளரப் போதாது. காலணி பிராண்டான சார்ல்ஸ் அண்ட் கீத்தைத் தொடங்கிய சகோதரர்களின் பெற்றோர் ஆங் மோ கியோவில் காலணிக் கடை நடத்தியவர்கள். 1996-இல் பிள்ளைகள் முதல் கடையைத் திறந்தார்கள், 1998-இலேயே இந்தோனேசியாவுக்குப் போய்விட்டார்கள். வெளியே போனதால்தான் அந்தப் பெயர் இவ்வளவு வளர்ந்தது என்று நினைக்கிறேன்.

எது உள்ளூர் என்பதிலும் குழப்பம் உண்டு. 1858-இல் இங்கே தொடங்கிய ராபின்சன்ஸ் பல்பொருள் அங்காடி 2020-இல் கடையை மூடுவதாக அறிவித்தபோது நம் வீட்டுக் கடை போன மாதிரி எங்கள் குடும்பமே வருந்தியது. அப்போது அதன் உரிமையாளர் துபாய் நிறுவனம்.

வாடகைக்கே திரும்புகிறேன். 2024 பிப்ரவரி முதல் சில்லறைக் கடை வாடகை ஒப்பந்தங்களுக்கு நடத்தை நெறிமுறையைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்ல விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் வாடகை இவ்வளவுக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு அதில் இல்லை. அதனால் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை போடப்போகிறேன் என்று யாராவது தம்பி வந்து வெளிநாட்டு பிராண்டுகளைப் பற்றிக் கேட்டால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு?