அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அணிகள் தங்கள் வீரர்களோடு டிராஃப்ட் உரிமையையும் (ஆண்டுதோறும் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் உரிமை) சேர்த்து இன்னொரு அணிக்குச் சும்மா கொடுப்பது ஏன்? ஐபிஎல் போல விடுவித்துவிட்டால் போதாதா?

போதாது. ஐபிஎல்லில் ஒருவரை விடுவித்தால் அவருக்கான பணம் ஏலத் தொகையில் திரும்பச் சேர்ந்துவிடும். என்பிஏவில் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு முழு உத்தரவாதம் உண்டு. நான்கு ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டவரை இரண்டாம் ஆண்டில் வீட்டுக்கு அனுப்பினாலும் மீதிச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும், அந்தத் தொகை அணியின் சம்பளக் கணக்கிலும் நிற்கும். அதைப் பல ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடலாமே தவிர அழிக்க முடியாது. கணக்கிலிருந்து முழுசாக இறக்க ஒரே வழி, இன்னொரு அணி அந்த ஒப்பந்தத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது.

இப்போது சம்பள உச்சவரம்புக்கு, அதாவது ஒரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைக்கும் வரம்புக்கு, வருவோம். தன் சொந்த வீரரோடு மறுபடி ஒப்பந்தம் போட ஒரு அணி உச்சவரம்பைத் தாண்டலாம். வெளியிலிருந்து ஒரு பெரிய ஃப்ரீ ஏஜென்ட்டை (ஒப்பந்தம் முடிந்து சந்தைக்கு வந்த வீரரை) கொண்டுவர வேண்டுமென்றால், வரம்புக்குக் கீழே அவர் சம்பளத்துக்கான இடம் காலியாக இருக்க வேண்டும். வரம்பைத் தாண்டிய அணி டிரேட் (வீரர் பரிமாற்றம்) செய்தால், அனுப்பும் சம்பளத்துக்கு ஏற்ற அளவில்தான் திரும்ப வாங்க முடியும். ஆனால் காலி இடம் வைத்திருக்கும் அணி, பதிலுக்கு யாரையும் அனுப்பாமலே வீரர்களை வாங்கிக்கொள்ளலாம். ஆக, காலி இடம் என்பதே விலைபோகும் பொருள். அந்த விலையை டிராஃப்ட் உரிமையாகத்தான் கொடுக்கிறார்கள்.

நான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரசிகன், அதனால் 2013ஐத்தான் முதலில் சொல்வேன். அந்தக் கோடையில் ஆன்ட்ரே இக்வடாலா கோல்டன் ஸ்டேட்டுக்கு வர ஆசைப்பட்டார். அணியிடம் இடம் இல்லை. ரிச்சர்ட் ஜெஃபர்சன், ஆன்ட்ரிஸ் பீட்ரின்ஸ், பிரான்டன் ரஷ் மூவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.4 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் மொத்த உச்சவரம்பே சுமார் 5.87 கோடிதான். யூட்டா ஜாஸுக்கோ அல் ஜெஃபர்சன், பால் மில்சாப் இருவரின் ஒப்பந்தமும் முடிந்து இடம் தாராளமாக இருந்தது. மூவரையும் யூட்டா எடுத்துக்கொண்டது. அதற்குக் கூலியாக 2014, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளும் சில இரண்டாம் சுற்று உரிமைகளும் போயின. கடைசியில் இக்வடாலாவின் பழைய அணியான டென்வரையும் சேர்த்து மூன்று அணி டிரேடாகக் கணக்கு முடிந்தது. இக்வடாலாவுக்கு நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி.

ஒரே ஒரு வீரருக்காக இவ்வளவா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. 2015 இறுதித் தொடரில் வாரியர்ஸ் 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது, அந்த சீசன் முழுக்க மாற்று வீரராக பெஞ்சிலிருந்து வந்த இக்வடாலாவை நான்காவது ஆட்டத்தில் தொடக்க ஐவரில் இறக்கினார்கள். அங்கிருந்து கோப்பை வந்தது, இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. யூட்டாவும் ஏமாறவில்லை. 2014 உரிமையில் 23ஆவது இடத்தில் ராட்னி ஹுட் கிடைத்தார். நன்றாக ஆடும் அணிக்குத் தேர்வு முறை கடைசியில்தான் வரும்; வாரியர்ஸ் அதற்குள் உச்சத்துக்குப் போய்விட்டதால் 2017 உரிமை மட்டும் முதல் சுற்றின் கடைசி இடமான 30ஆக வந்து விழுந்தது.

இந்த டிரேடில் எனக்கு முக்கியமாகத் தெரிவது வரிசை. வீரரின் சம்மதம் முதலில் வந்தது, இடத்தைக் காலி செய்ய ஓடியது பிறகு. 2016இலும் அப்படித்தான்: நட்சத்திர வீரர் கெவின் டுரன்ட் ஜூலை 4 அன்று வருகிறேன் என்றார், அதன் பிறகே ஆன்ட்ரூ போகட்டை டாலஸுக்கு அனுப்பினார்கள். சம்மதம் கையில் இல்லாமல் காலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்கு 2014இன் ஹூஸ்டன் ராக்கெட்ஸைவிட நல்ல சான்று கிடையாது. அவர்கள் குறி மயாமியின் நட்சத்திரம் கிறிஸ் பாஷ். ஓமர் ஆஷிக்கை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியாயிற்று. ஜெரமி லின்னை எடுத்துக்கொள்ள லேக்கர்ஸுக்கு ஒரு முதல் சுற்று உரிமையே கொடுத்தார்கள். கணக்கில் லின்னின் சம்பளம் சுமார் 84 லட்சம் டாலர்தான், ஆனால் அந்தக் கடைசி ஆண்டில் கையில் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட 1.5 கோடி. சும்மா யார் எடுப்பார்கள்?

அப்புறம் சாண்ட்லர் பார்சன்ஸ். பத்து லட்சம் டாலருக்கும் குறைவான சம்பளத்தில் அவரை இன்னும் ஓராண்டு வைத்திருக்க ஹூஸ்டனுக்கு உரிமை இருந்தது. அதை விட்டுக்கொடுத்து, வேறு அணி கேட்டால் அதே தொகையைத் தந்து தக்கவைத்துக்கொள்ளும் உரிமையோடு அவரைச் சந்தைக்கு விட்டார்கள். அதுவரை அவர் பெயரில் கணக்கில் நிற்கும் தொகை சிறியது. முதலில் பாஷைக் காலி இடத்தில் எடுத்துக்கொண்டு, பிறகு வரம்பைத் தாண்டி பார்சன்ஸைத் தக்கவைப்பது திட்டம். காகிதத்தில் அழகான திட்டம்தான், அதை நான் மறுக்க மாட்டேன்.

டாலஸ் குறுக்கே வந்தது. பார்சன்ஸுக்கு மூன்று ஆண்டுக்கு 4.6 கோடி என்று எழுதிக் கொடுத்தது. ஹூஸ்டனுக்குப் பதில் சொல்ல மூன்றே நாள் அவகாசம். ஜூலை 11 அன்று லெப்ரான் ஜேம்ஸ் மயாமியை விட்டு கிளீவ்லாந்துக்குத் திரும்புவதாக அறிவித்தார். அவர் போனதும் மயாமி பாஷுக்கு ஐந்து ஆண்டுக்கு 11.8 கோடி தர முன்வந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். பார்சன்ஸையும் ஹூஸ்டன் விட்டுவிட்டது. ஒரே கோடையில் லின், ஆஷிக், பார்சன்ஸ் மூவரும் போய், பாஷும் வரவில்லை. டிரெவர் அரீஸா வந்து ஓரளவு ஈடுகட்டினார். அடுத்த ஆண்டு அவர்கள் மேற்கு மண்டல இறுதிவரை போனதும் உண்மைதான். பார்சன்ஸை முழங்கால் பின்னாளில் படுத்திய பாட்டைப் பார்த்தால், அந்தப் பணத்தைக் கொடுக்காததே நல்லது என்றுகூட வாதிடலாம். ஆனாலும் லின்னை அனுப்பக் கொடுத்த முதல் சுற்று உரிமைக்குப் பதிலாக ஹூஸ்டனுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அதே கோடையில் குறிவைத்த இன்னொரு நட்சத்திரமான கார்மலோ ஆன்டனியைக் கவர, அரங்கத்தில் அவர் படத்தை ஹூஸ்டனின் 7ஆம் எண் சட்டையோடு பெரிதாக வைத்தார்கள். அப்போது அந்த எண்ணை அணிந்து அதே அணியில் இருந்தவர் லின். சம்பளக் கணக்கை ஒழுங்குபடுத்துவது நிர்வாகத்தின் வேலை, அதில் தப்பில்லை. இன்னும் நம் ஆளாக இருப்பவரின் சட்டையை வேறொருவர் மேல் போட்டுக் காட்டுவது மரியாதை இல்லாத செயல்.

லின்னோடு கொடுத்த அந்த முதல் சுற்று உரிமை போன பாதை சுவாரசியமானது. லேக்கர்ஸ் அதை வைத்து 2015இல் 27ஆவது இடத்தில் லாரி நான்ஸ் ஜூனியரை எடுத்தது. 2018 பிப்ரவரியில் ஜோர்டன் கிளார்க்சனின் நீண்ட ஒப்பந்தத்தை இறக்க வேண்டி, அவரோடு நான்ஸையும் கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. கிளீவ்லாந்தில் அப்போது ஆடிக்கொண்டிருந்தவர் லெப்ரான். ஐந்து மாதம் கழித்து அதே லெப்ரான், அப்படித் திறந்த இடத்தில் லேக்கர்ஸுக்கே வந்து சேர்ந்தார்.

இக்வடாலாவின் கதையும் அப்படியே திரும்பியது. 2019இல் டி'ஆஞ்சலோ ரசலைக் கொண்டுவர வாரியர்ஸுக்குச் சம்பளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்று கோப்பை வென்று தந்தவரை, ஒரு முதல் சுற்று உரிமையும் சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். அவரும் அங்கே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. விதி தெரிந்திருந்தும் அந்தச் செய்தி எனக்கு வலித்தது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. லீகும் வீரர் சங்கமும் 2023இல் போட்ட ஒப்பந்தத்தின் விதிகள் அதிகச் செலவு செய்யும் அணிகளை இறுக்கிப் பிடிக்கின்றன. இந்நாளில் பல டிரேடுகள் புதிய நட்சத்திரத்துக்கு இடம் தேடி நடப்பவை அல்ல, அதிகச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் வரியையும் கட்டுப்பாடுகளையும் தவிர்க்க நடப்பவை. 2025 கோடையில் பெரிய அளவில் காலி இடம் வைத்திருந்தது புரூக்ளின் மட்டும்தான். டென்வர் தன் மைக்கேல் போர்ட்டர் ஜூனியரை அங்கே அனுப்பி, சம்பளம் குறைவான கேம் ஜான்சனை வாங்கியது. மிச்சப்பட்ட இடத்தில் பெஞ்சுக்கு ஆள் சேர்த்தது. அதற்குக் கொடுத்தது 2032இன் முதல் சுற்று உரிமை, எந்த இடத்தில் வந்து விழுந்தாலும் கொடுத்தாக வேண்டும், பாதுகாப்பு நிபந்தனை எதுவும் இல்லை.