பெயர் விற்றுப் பிழைத்தவன் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு இணையப் பெயர்கள் (டாட் காம், டாட் இன் என்று முடியும் வெப்சைட் முகவரிகள்) விற்கும் கம்பெனியில் சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை கிடைத்திருக்கிறது. வெறும் பெயரை விற்பதெல்லாம் ஒரு பிழைப்பா, சார்? (வாசகி ஒருவர், ஈரோடு)

பதில்: நான் 2006-ல் சேர்ந்தபோது என் மாமனாரும் இதையேதான் கேட்டார்: "கண்ணுக்குத் தெரியாத சரக்கை யார் வாங்குவாங்க மாப்பிள்ளை?" அதற்கு முந்தைய வருடம்தான் டாட் இன் பெயர்கள் பெயர் பதிந்து தரும் தனியார் கம்பெனிகள் மூலம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தன.

எனக்குத் திருப்பூர் ஏரியா. பனியன் கம்பெனிக்காரர்கள் வெப்சைட் வேண்டும் என்று கேட்கவே மாட்டார்கள். இலவச மெயிலில் கொட்டேஷன் அனுப்பினால் வெளிநாட்டு பையர் மதிப்பதில்லை என்பதுதான் அவர்கள் கவலை. சொந்தப் பெயர் வாங்கினால் அதிலேயே மெயில் ஐடி வைத்துக்கொள்ளலாம், அங்கேதான் என் வியாபாரம். பெயரில் ழ இருந்துவிட்டால் அரை நாள் போச்சு. எல் போடுவதா, இசட் ஹெச் போடுவதா என்று அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நிற்பார்கள். இரண்டையும் வாங்க வைத்துவிட்டு எழுந்து வருவேன். கமிஷனும் இரட்டிப்பு, மறைப்பானேன்!

உங்கள் மகன் முதலில் கணக்கைப் புரிந்துகொள்ளட்டும். டாட் காம் பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், விற்கும் கம்பெனிகளிடம் ஒரு பெயருக்கு வசூலிக்கும் மொத்த விற்பனை விலை 2024 செப்டம்பரில் ஆண்டுக்கு 10.26 டாலர் ஆனது. முதல் வருடம் 99 ரூபாய் என்று விளம்பரம் செய்கிறவர்கள் கைக்காசைப் போட்டுத்தான் விற்கிறார்கள். மெயில், ஹோஸ்டிங், அப்புறம் முக்கியமாக வருடா வருடம் வரும் ரினீவல், இவற்றில்தான் லாபம்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு வாடிக்கையாளரின் இணையப் பெயர், வேலையை விட்டுப் போன கம்ப்யூட்டர் பையனின் மெயில் ஐடியில் பதிவாகியிருந்தது. நினைவூட்டல் எல்லாம் அங்கேயே போய்ச் சேர்ந்தன. ஒருநாள் காலையில் மெயில் நின்றுவிட்டது. டாட் காமில் கெடு முடிந்த பிறகும் அதைப் பதிந்து தந்த கம்பெனி 45 நாள் வரை பெயரை வைத்திருக்கலாம். அதுவும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனி அபராதம். பிறகு 5 நாளில் பெயர் நீங்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் அபராதக் கட்டத்தில் பிடித்தோம். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி" என்றார் வாடிக்கையாளர், அவ்வளவுதான். அன்று வாங்கிய நோட்டில் எல்லோருடைய கெடு தேதியையும் எழுதி, முன்கூட்டியே கூப்பிட ஆரம்பித்தேன். எனக்கு மேனேஜர் பதவி கொடுத்தது அந்த நோட்டுதான்.

கேள்வி: நல்ல பெயர்களை வாங்கி வைத்து லட்சத்துக்கு விற்கலாமாமே? (மாணவர் ஒருவர், மதுரை)

பதில்: பிறருடைய பிராண்டைத் தொடாதீர்கள். பிராண்டுக்காரர் வழக்காடிப் பெயரைப் பிடுங்கிக்கொள்ள 1999 முதலே தனி விதிமுறை இருக்கிறது. பொதுச் சொற்கள் என்றால், சரி, முயலலாம். நான் நாற்பது வாங்கினேன். ஒன்று விற்றது. அதையும் வாங்கியவர் என் மச்சான்.