இயேசுவுக்குப் பின்னால் வேறொரு கடவுள் இல்லை

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரருக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பிதா, குமாரனாகிய இயேசு, பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவம் பற்றி நீங்கள் எழுதியவற்றை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு இயேசு போதும் என்று இருப்பவள் நான். சின்ன வயதிலிருந்தே எதுவானாலும் அவரிடம் சொல்லித்தான் பழக்கம். உபதேசம் படித்தால்தான் அவரை நேசிக்க முடியுமா? மீன் பிடித்துக்கொண்டிருந்த பேதுருவுக்கும் யோவானுக்கும் 'ஒரே தன்மை', 'மூன்று ஆள்தத்துவம்' எல்லாம் தெரியுமா? என் தோழி ஒருத்தி இவற்றை விழுந்து விழுந்து படிக்கிறாள். பக்தி இருந்தால் போதாதா என்று அவளோடு வாதாடியிருக்கிறேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. என் தம்பி நோயில் இறந்துபோனான். சபையே உபவாசமிருந்து அவனுக்காக ஜெபித்தது. அடக்க ஆராதனையில், "இது பிதாவின் சித்தம், அவர் எடுத்துக்கொண்டார், ஏன் என்று கேட்கக் கூடாது" என்றார்கள். அன்றைக்கு எனக்குள் என்னவோ இரண்டாகப் பிரிந்துவிட்டது. இயேசுவிடம் இப்போதும் அழ முடிகிறது. அவரும் என்னோடு அழுகிறார் என்றே நம்புகிறேன். ஆனால் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் நாக்கு எழவில்லை. தம்பியை எடுத்தவர் அவர், என்னோடு அழுகிறவர் இவர் என்று தோன்றுகிறது. ஆராதனையில் எல்லாரும் அந்த ஜெபத்தைச் சொல்லும்போது உதட்டை மட்டும் அசைக்கிறேன். இது பாவமா? இயேசுவிடம் மட்டும் ஜெபித்துக்கொண்டு இப்படியே இருந்துவிடலாமா?

என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தம்பியை இழந்த துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன்.

பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சங்கீதம் 88ஐ எடுத்து வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதியில் வந்து சேர்ந்துவிடும். இது சேராது. எனக்கு அறிமுகமானவர்கள் எல்லாரும் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். அதை யாரும் வேதத்திலிருந்து நீக்கவில்லை, முடிவில் ஒரு ஆமென் சேர்த்துச் சரிசெய்யவும் இல்லை. ஆராதனையில் பாடும் புத்தகத்திலேயே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே உதட்டை மட்டும் அசைத்தேனே என்று உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இப்படியே இருந்துவிடலாமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்றுதான் சொல்வேன். கட்டளையாகச் சொல்லவில்லை. இப்படி இருந்தால் நீங்கள் நேசிக்கிற இயேசுவையே நாளடைவில் இழந்துவிடுவீர்களோ என்ற பயத்தில் சொல்கிறேன். உபதேசம் எனக்கு எதற்கு என்ற உங்கள் முதல் கேள்விக்கும் இந்தக் கடைசிக் கேள்விக்கும் தொடர்பில்லை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒரே கேள்வியாகத் தெரிகின்றன. இயேசு என்னோடு அழுகிறார், பிதா அழவைக்கிறார் என்று உங்கள் துக்கம் சொல்வதே ஓர் உபதேசம்தான். 1,700 ஆண்டுகளுக்கு முன் சபையை உலுக்கியெடுத்த உபதேசத்துக்கு அது மிக அருகில் நிற்கிறது.

எகிப்திலுள்ள அலெக்சாந்திரியா சபையில் ஆரியஸ் என்றொரு மூப்பர் இருந்தார். அவருக்கும் இயேசுமேல் பக்தி உண்டு, தன் போதனையைப் பாட்டாகவே எழுதியவர். கடவுள் மிக உயர்ந்தவர், படைக்கப்பட்ட எதனோடும் நேரடியாகக் கலக்க முடியாதவர் என்பது அவர் கட்சி. அதனால் கடவுள் முதலில் குமாரனைப் படைத்தார், குமாரனைக்கொண்டு மற்றதையெல்லாம் படைத்தார் என்றார். படைப்புகளிலெல்லாம் மேலானவர், ஆனாலும் படைப்பே. கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது, கடவுளின் மேன்மையைக் காப்பாற்றுவது போலவும் இருக்கிறது. ஆனால் அதே தர்க்கத்தில் ஆரியஸ் இன்னொன்றும் சொன்னார்: குமாரனுக்கே பிதாவை முழுமையாகத் தெரியாது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இது உண்மையானால் என்ன ஆகும்? குஷ்டரோகியைத் தொட்ட கை ஒரு படைப்பின் கை. லாசருவின் கல்லறையில் அழுத கண் ஒரு படைப்பின் கண். சிலுவையில் மன்னித்ததும் படைக்கப்பட்ட ஒருவருடைய மன்னிப்பு. அதற்கு மேலே, யாருக்கும் தெரியாத உயரத்தில், முகமே காட்டாத ஒருவர் இருக்கிறார். அவர் இரக்கமுள்ளவரா என்று இயேசுவாலும் நமக்கு உறுதி சொல்ல முடியாது. நீங்கள் உங்கள் கடிதத்தில் பயப்படுவது இந்த ஒருவருக்குத்தானே?

325இல், இன்றைய துருக்கியிலுள்ள நிசேயாவில் ஆயர்கள் கூடி, குமாரன் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்று அறிக்கையிட்டது இதற்குப் பதிலாகத்தான். அலெக்சாந்திரியாவின் ஆயரோடு அங்கே போயிருந்த இளம் உதவி ஊழியர் அத்தனாசியஸ் 328இல் அதே ஊருக்கு ஆயரானார். இந்த ஒரு வாக்கியத்தை விட்டுக்கொடுக்க மறுத்து ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 17 ஆண்டுகள். ஒரு தத்துவச் சொல்லுக்காக மனிதன் இத்தனை பாடுபடுவானா என்று நானும் யோசித்ததுண்டு. அவர் எழுத்துகளை வாசித்தால் காரணம் தெரிகிறது. கடவுளே நம்மிடம் வந்திராவிட்டால் நாம் இன்னும் மீட்கப்படவில்லை, இயேசு படைப்பென்றால் அவரை வணங்குவது விக்கிரகாராதனை. இந்த இரண்டையும் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஜெபிக்கிறவனின் கவலைகள் இவை.

பேதுருவுக்கும் யோவானுக்கும் இது தெரியுமா என்றீர்கள். அந்தச் சொற்கள் தெரியாது. ஆனால் ஜெபம் தெரியும். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்றான். ஒரே தேவனைத் தவிர வேறு யாரிடமும் ஜெபிக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள், பயமோ தயக்கமோ இல்லாமல், இயேசுவைக் கூப்பிட்டார்கள். தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றான். ஏறக்குறைய 112இல் பித்தினியாவை ஆண்ட ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களைப் பிடித்து விசாரித்துவிட்டுப் பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாட்டுப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. நிசேயாவுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சபை பாடிக்கொண்டிருந்தது. அப்படிப் பாடியது சரிதானா, யாரைப் பாடினோம் என்ற கேள்வி பின்னால் எழுந்தது, நிசேயாவில் நின்று பதில் சொன்னார்கள். ஆகவே பக்தியா உபதேசமா என்று உங்கள் தோழியோடு நீங்கள் நடத்தும் வழக்கில் இரண்டு பேருமே பாதி சரி. "பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன" என்று யாக்கோபு எழுதியதையும், உபதேசம் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்காக, உங்கள் தோழிக்கு ஒருமுறை நினைவுபடுத்துங்கள்.

(திரித்துவத்துக்குத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று சொல்லித்தரும் உதாரணத்தை மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்றுதான் அது முடியும். அப்படியானால் கெத்செமனேயில் இயேசு யாரை நோக்கி "அப்பா பிதாவே" என்று கதறினார்?)

இப்போது உங்கள் வலிக்கு வருகிறேன். பிதா எதிர்ப்பக்கம் நிற்கிறார் என்ற எண்ணம் உங்களுக்குத் துக்கத்தில் மட்டும் வந்ததாக நான் நினைக்கவில்லை. நம் பிரசங்கங்கள் பல ஆண்டுகளாக அதை விதைத்திருக்கின்றன. கோபத்தோடு கையோங்கி நிற்கும் பிதா, குறுக்கே விழுந்து அடியை வாங்கிக்கொள்ளும் அன்பான மகன். சிலுவையை இப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இயேசுவை நேசித்துப் பிதாவுக்குப் பயப்படுவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கிறிஸ்து நம் பாவத்தைச் சுமந்தார் என்பது சத்தியம், அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்தக் கதை தன் முதல் வரியை விட்டுவிடுகிறது. அனுப்பியது யார்? "தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை" என்றுதானே நாம் மனப்பாடம் செய்தது தொடங்குகிறது? நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து மரித்ததினாலே, தேவன் நம்மேல் வைத்த தமது அன்பை விளங்கப்பண்ணுகிறார் என்கிறார் பவுல். மகன் மரித்தார், அதில் தெரிவது பிதாவின் அன்பு. சிலுவை பிதாவை நம்மை நேசிக்கும்படி மாற்றவில்லை. அவர் நேசித்ததால்தான் அது நடந்தது.

பிதாவின் கோபம் என்று வேதத்தில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைப் பார்க்கவும் இயேசுவிடமே போகலாம். மாற்கு 3ஆம் அதிகாரத்தில், சூம்பின கையுள்ளவனை ஓய்வுநாளில் குணமாக்கினால் குற்றஞ்சாட்டலாம் என்று காத்திருப்பவர்களை இயேசு பார்க்கிறார். அவர்களுடைய இருதயகடினத்தினிமித்தம் விசனப்பட்டு, கோபத்துடனே சுற்றிலும் பார்த்தார் என்று இருக்கிறது. ஒரே பார்வையில் விசனமும் கோபமும். அடுத்த நொடி அந்தக் கை நீட்டப்பட்டுச் சொஸ்தமாகிறது. பிதாவின் கோபம் இதுவே. மனிதனைக் கெடுப்பதன்மேல் வரும் கோபம். இயேசுவிடம் நாம் பார்க்காத வேறு எந்தக் கோபமும் பிதாவிடம் ஒளிந்திருக்கவில்லை. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்பதற்கு வேறென்ன பொருள்?

அப்படியானால் தம்பி ஏன் போனான்? இதற்கு நான் பதில் எழுதினால் பொய்யனாவேன். ஆனால் அடக்க ஆராதனையில் சொன்னதை நான் சொல்லமாட்டேன், ஏன் என்று கேட்கக் கூடாது என்று கட்டாயம் சொல்லமாட்டேன். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கேட்டவர் குமாரன். அவர் கேட்டதை நாம் கேட்கக் கூடாதா? பெத்தானியாவில் லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் ஒருவர் பின் ஒருவராக வந்து, நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்று ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். நீங்களும் சகோதரனை இழந்த சகோதரி, உங்கள் வாக்கியமும் அதுதான். இயேசு அவர்களை அதட்டவில்லை. "பிதாவின் சித்தம், பொறுத்துக்கொள்" என்று தோளைத் தட்டவும் இல்லை. சில நிமிடங்களில் லாசருவை எழுப்பப்போகிறவர், அது தெரிந்தும், அழுதார். மரணத்தை ஒரு நல்ல ஏற்பாடாக அவர் பார்த்திருந்தால் அழுதிருக்கமாட்டார். பவுலும் மரணத்தைச் சத்துரு என்றுதான் அழைக்கிறார், பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு.

அந்தக் கண்ணீரைப் பிதா தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்காதீர்கள். ஒரே தன்மையுடையவர் என்ற நிசேயா வாக்கியத்தை அந்தக் கல்லறை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அழுதவர் கடவுள். நீங்கள் யாரிடம் அழுகிறீர்களோ அவருக்குப் பின்னால், அவரைவிடக் கடினமான வேறொருவர் இல்லை. இதைத்தான் அத்தனாசியஸ் நாடுகடத்தப்பட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்குப் பின் வந்த ஆயர் நசியான்சு கிரகோரி இன்னொரு பக்கத்தைக் காத்தார். இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் இல்லை, அந்த இடத்தில் தெய்வ வார்த்தையே, அதாவது தேவகுமாரனே, இருந்தது என்று அப்பொல்லினாரியஸ் என்ற ஆயர் போதித்துவந்தார். கிறிஸ்து எதைத் தமதாக்கிக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை என்று கிரகோரி பதில் எழுதினார். நமக்கு வலிப்பதெல்லாம் மனதில்தானே. கலக்கம், பயம், தூக்கமில்லாத இரவு, யாரை நம்புவது என்ற குழப்பம் ஆகியவற்றை அவர் மனித மனதோடு அனுபவிக்கவில்லை என்றால் உங்களோடு அவர் அழுகிறார் என்று நீங்கள் எழுதியது வெறும் ஆசையாகிவிடும். அது ஆசை இல்லை, உண்மை.

கடைசியாக ஒரு பகுதி. யோவான் 16ஆம் அதிகாரம், 26, 27ஆம் வசனங்கள். பிடிபடுவதற்குச் சற்று முன் இயேசு சீஷர்களிடம் சொல்கிறார்: "உங்களுக்காகப் பிதாவை நான் கேட்டுக்கொள்வேனென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை... பிதாதாமே உங்களைச் சிநேகிக்கிறார்." உங்களுக்கென்றே சொன்னதுபோல் எனக்குப் படுகிறது. இயேசு நமக்காகப் பரிந்துபேசுகிறார் என்பது உண்மை. ஆனால் மனமில்லாத ஒருவரிடம் கெஞ்சி வாங்கித் தருவதாக அதைப் புரிந்துகொள்ளாதீர்கள் என்று அவரே தடுக்கிறார். நீங்கள் பயப்படுகிற அந்தப் பிதாவைப் பற்றி, அவரை முழுமையாக அறிந்த ஒரே ஒருவர் தரும் சாட்சி இது.

"எங்கள் பிதாவே" என்று நாக்கு எழும்வரை வற்புறுத்த வேண்டாம். ஆராதனையில் மற்றவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொண்டிருங்கள். அந்த ஜெபத்தில் 'எங்கள்' என்றுதான் இருக்கிறது, உங்களுக்கும் சேர்த்துத்தான் அவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது யோவான் 14 முதல் 17 வரை வாசியுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம், நாளுக்குக் கொஞ்சமாக. அதில் இயேசு எத்தனை முறை பிதாவைப் பற்றிப் பேசுகிறார், எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். 17ஆம் அதிகாரம் முழுவதும் அவர் பிதாவோடு பேசுவது. அங்கே வந்ததும், அவர் சொல்கிற 'பிதாவே'யை அவரோடு சேர்ந்து ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். உங்கள் ஜெபமாகச் சொல்ல வேண்டாம், அவருடைய ஜெபமாக வாசித்தால் போதும். அதற்குப் பிறகும் தடை இருந்தால் எனக்கு எழுதுங்கள். தோழியையும் இந்த அதிகாரங்களை உங்களோடு உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்.