அப்பாவின் புல்லட் பல வருடமாக ஓடாமல் கிடக்கிறது. இன்ஜினைச் சரிசெய்வதா, வேறு இன்ஜின் மாற்றுவதா?

மாற்றாதீர்கள். "இது தேறாது தம்பி, வேற இன்ஜின் ஏத்திருவோம்" என்று மெக்கானிக் சொல்லியிருப்பார். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

எங்களுடையது 1974 மாடல் 350, திருவொற்றியூர் ஃபேக்டரி வண்டி. அப்பா தவறிய பிறகு பாளையங்கோட்டை வீட்டுத் தொழுவத்திலேயே நின்றுவிட்டது. கிக்கர் இம்மி அசையவில்லை. வந்த மெக்கானிக் ஏறி மிதிக்கப் போனார், நான் விடவில்லை. பிளக்கைக் கழற்றி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி நன்றாக ஊறவிட்டோம். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்தோம். ஒரு சாயங்காலம் பிஸ்டன் இளகியது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

இளகிவிட்டது என்று உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது, இங்கேதான் பல நல்ல இன்ஜின்கள் போய்விடுகின்றன. இந்தப் பழைய இன்ஜினில் பிக் எண்டில், அதாவது பிஸ்டனின் தண்டு கிராங்கோடு (சுழலும் தண்டோடு) சேரும் இடத்தில், ரோலர் பேரிங் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ் என்ற உலோக வளையம்தான். ஆயில் வராவிட்டால் அது தாங்காது. வருடக்கணக்காக நின்ற வண்டியில் ஆயில் கசடாகி கிராங்கின் துளையை அடைத்திருக்கும். டைமிங் கவருக்குள் கிராங்க் முனையில் இருக்கும் கார்க் சீல் காய்ந்து சுருங்கியிருக்கும். அற்பக் காசு சாமான், ஆனால் அது கசிந்தால் பிக் எண்டுக்கு ஆயில் ஒழுங்காகப் போகாது. அதனால் கிராங்க் வரை பிரித்தே ஆகவேண்டும். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பிளாக்கில் துருக்குழி இருந்தால் பயம் வேண்டாம். துளை 70 மில்லிமீட்டர், வார்ப்பிரும்பு. போரிங் போட்டு, அதாவது துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டலாம். பூட்டிய பிறகு பிளக் இல்லாமல் கிக்கரை அடித்து, இன்ஜின் தலையில் வால்வை அசைக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் எட்டிப் பார்த்த பிறகுதான் நாங்கள் பிளக்கே மாட்டினோம்.

நான் மெக்கானிக் இல்லை. புது இன்ஜினில் மைலேஜ் கிடைக்கும், ஆயில் ஒழுகாது என்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் இன்ஜின் கேஸில் (வெளிக்கூட்டில்) அடித்திருக்கும் அந்த நம்பர்தான் ஆர்.சி.யிலும் இருக்கிறது. கேஸ் போனால் அது அப்பாவின் வண்டி இல்லை.

ஆர்.சி. என்றதும் வயிறு எரிகிறது. வாரிசு பெயருக்கு மாற்றப் போனால் புரோக்கர் இல்லாமல் பேப்பரைக் கையில் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். 15 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 300 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 1,000 ஆக்கினார்கள். 50 வருடம் தாண்டினால் விண்டேஜ் பதிவு என்று 2021இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதற்கு 20,000 ரூபாய், கட்டினாலும் தினசரி ஓட்டக் கூடாதாம். நான் இதில்தான் மார்க்கெட்டுக்குப் போகிறேன், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். ஷோரூமில் நிறுத்திவைக்கும் பணக்காரர்களுக்கான விதி அது, எனக்கு வேண்டாம். சாதாரணப் பதிவிலேயே வைத்திருக்கிறேன்.

உங்கள் ஆர்.சி. எந்தத் தேதி வரை செல்லும் என்பதைப் பாருங்கள். அப்பா பெயரிலேயே இருந்தால், இன்ஜின் பட்டறையில் இருக்கும்போதே வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.