மிதித்தால் மெத்தென்று இருக்கும் தரை

கேள்வி: அண்ணே, மூன்று வருடத்துக்கு முன் நானும் என் மாமாவும் சேர்ந்து வீட்டிலேயே ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லர் செய்தோம். பால்மரச் (ரப்பர் மரச்) சட்டம், 9 மில்லிமீட்டர் பிளைவூட், நடுவில் ஃபோம், கூரைக்கு அலுமினியத் தகடு. வருடத்துக்கு நாலு தடவை லாத்தா கின்ஜாங் அருவி, தெலுக் பாத்திக் கடற்கரை என்று இழுத்துக்கொண்டு போவோம். மற்ற நாளெல்லாம் வீட்டோரம் தார்பாலின் மூடி நிற்கும். இப்போது கதவுப் பக்கம் தரையை மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறது. இன்னும் எத்தனை வருடம் தாங்கும்?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: எத்தனை வருடம் என்பது அப்புறம், முதலில் அந்தத் தார்பாலினை உருவிப் போடுங்கள். இந்த மாதிரி வண்டி ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதுதான் அதிகம். நம் பக்கம் மத்தியானம் வெயில், சாயங்காலம் மழை. மூடிக் கட்டின தார்பாலினுக்குள் அந்த ஈரம் புட்டுப் பானை ஆவி மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே போக வழி கிடையாது. மரத்தின் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேலேயே நின்றால் மக்க வைக்கும் பூஞ்சைக்கு அது போதும். மேலே ஒரு தகரக் கொட்டகை, நாலு பக்கமும் காற்று, அவ்வளவுதான் வேண்டும்.

ஒரு ஸ்குரூ டிரைவர் எடுத்து அமுங்கும் இடத்தைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை போய்விட்டது, மேலே பெயின்ட் அடித்து ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கெட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி வெட்டி எடுத்து, கீழே சட்டத்தையும் பாருங்கள். எனக்குச் சட்டத்தின் மேல்தான் பயம். பால்மரத்தை நமக்குத் தெரியாதா, பால் வெட்டியே வளர்ந்த குடும்பங்கள், ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், துளை வண்டுக்கு விருந்து. தளவாடம் செய்பவர்கள் போரான் மருந்து ஏற்றித்தான் பயன்படுத்துகிறார்கள், அந்த மருந்தும் மழையில் நனைய நனையக் கரைந்து போய்விடும். நாற்காலிக்கு நல்ல மரம், மழையில் நிற்கிற வண்டிக்கு ஆகாது. சட்டத்தடியில் மாவு போலத் தூள் கொட்டிக் கிடந்தால் அந்தக் கட்டையை மாற்றிவிடுங்கள்.

புதுப் பலகைக்கு மரைன் பிளைவூட், அதாவது படகு கட்டும் பிளைவூட், வாங்குங்கள் என்று கடையில் சொல்வார்கள். வாங்கலாம், ஆனால் அதில் தண்ணீரைத் தாங்குவது பசைதான், மரம் அல்ல. நான் 2014-இல் என் டிரெய்லரைச் செய்தபோது மரைன் பிளைவூட் போட்டாயிற்று என்ற தைரியத்தில் வெட்டின ஓரங்களை அப்படியே விட்டேன். நாலாவது வருடம் ஓரத்தில் ஏடு ஏடாகப் பிரிந்தது. வண்டி இன்னும் ஓடுகிறது, அன்று போட்ட தரையும் இல்லை, கதவும் இல்லை. ஆகவே வெட்டின ஓரம், ஆணித் துளை எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பிசின் ஊட்டுங்கள், வெயில் பட்டால் அது கெடும் என்பதால் மேலே பெயின்ட் கட்டாயம். மூட்டுகளுக்குச் சிலிக்கோன் வேண்டாம், ஒரு தடவை பூசினால் பிறகு அதன்மேல் எதுவும் ஒட்டாது, பெயின்ட்கூட. பாலியூரிதேன் பசை போடுங்கள்.

கூரைத் தகட்டில் இரும்பு ஆணி அடித்திருக்கிறீர்களா? தெலுக் பாத்திக் உப்புக்காற்று பட்டால் இரும்பு தொட்ட இடத்தில் அலுமினியம் அரித்துப் போகும், ஆணியைச் சுற்றி வெள்ளைத் தூள் தெரியும். மழை உள்ளே வருவது பெரும்பாலும் அந்தத் துளை வழியாகத்தான். கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் அடிப்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: என் டிரெய்லர் டயர் புதுசு மாதிரியே இருக்கிறது, மாற்ற வேண்டுமா?
(வாசகர், பீடோர்)

பதில்: டயரின் பூ, அதாவது தரையில் படும் வரிகள், தேயாததால் புதுசு என்று நினைக்கிறீர்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு ஓடும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். நான் ஆறு வருடத்தில் கழற்றிவிடுவேன், நின்ற டயர் பக்கவாட்டில் வெடிப்பு விடும். அப்படியே சக்கரத்து பேரிங்கைத் திறந்து கிரீஸ் மாற்றுங்கள். செம்மண் ரோட்டில் இழுத்தவர்கள் கொக்கிப் பக்கத்து வெல்டிங்கில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: உள்ளே தண்ணீர் இறங்கியிருப்பதைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ள முடியுமா?
(வாசகர், தாப்பா)

பதில்: செம்பனைப் பழ லோரி நிறுக்கிற எடைமேடையில் தெரிந்த ஆள் இருந்தால் காலி டிரெய்லரை ஏற்றிக் காட்டுங்கள். என்னுடையது செய்து முடித்த அன்று 310 கிலோ. தரை மாற்றுவதற்கு முன்னால் 350. ஒரு பொருளும் கூடுதலாக ஏற்றவில்லை, அந்த 40 கிலோவும் பலகையும் ஃபோம் சந்தும் குடித்த மழை.