இரண்டடி பின்னால் நிற்கிறவர்

அன்புள்ள சார்,

சென்ற வாரக் கட்டுரையின் நடுவே டெல்லி கணேஷைத் 'தமிழ் சினிமாவின் பெரிய நடிகர்களில் ஒருவர்' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 400 படங்களுக்கு மேல் நடித்தார் என்கிறார்கள், எனக்கு நாலைந்துதான் நினைவில் இருக்கிறது. அவற்றிலும் அதே ஐயர் மாமா, அதே இழுவைக் குரல். போதாததற்கு சீரியல் வேறு. இறந்துபோனவர் என்பதால் கூடுதலாகச் சொல்கிறீர்களா? என் அப்பா உங்கள் கட்சி. இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 400-ல் பாதிக்கும் மேல் எனக்கும் நினைவில்லை. ஈஸிசேரில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், கதாநாயகனோ கதாநாயகியோ உள்ளே வந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்பார், சீன் முடிந்துவிடும். அந்த இடத்தில் வேறு யார் உட்கார்ந்திருந்தாலும் படம் ஓடியிருக்கும். இதை அவரே மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் 'எப்போதும் ஐயர் மாமா' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. துரை இயக்கிய 'பசி' 1979-ல் வந்தது. ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம் என்பதால் அவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். அதில் ஷோபாவின் அப்பா முனியாண்டி, ரிக்‌ஷா இழுக்கிறவர். அது டெல்லி கணேஷ். சினிமாவுக்கு வந்து இரண்டே வருடம் ஆகியிருந்தது. அந்தப் படத்துக்காகத் தமிழக அரசின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. அந்த முனியாண்டியைப் பார்த்துவிட்டு 'ஐயர் மாமா' என்று உங்களால் எழுதியிருக்க முடியாது. பத்து வருடம் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்'. அதில் நான்கு வில்லன்களில் ஒருவர், பிரான்சிஸ் அன்பரசு. அதுவும் மாமா இல்லை.

சரி, அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போம். பிறந்தது 1944-ல், வல்லநாட்டில். உங்கள் ஊரிலிருந்து தூத்துக்குடி ரோட்டில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். 1964 முதல் 1974 வரை பத்து வருடம் இந்திய விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை ஏறினார். பிறகு சென்னை. விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை 1977-ல் கே. பாலசந்தர் படமாக்கியபோது அதில் அறிமுகமானார். பெயருக்கு முன்னால் 'டெல்லி' சேர்த்ததும் பாலசந்தர்தான். வல்லநாட்டுக்காரருக்கு டெல்லி என்று பெயர் வைப்பதும் ஒருவகையில் நம் ஊர் வழக்கம்தானே. துபாய் போய் வந்தவர் சாகும்வரை துபாய்க்காரர்.

அந்தப் பத்து வருட ராணுவ வேலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அவர் நடிப்பின் சாவி அங்கேதான் இருக்கிறது என்று படுகிறது. அவருடைய நல்ல வேடங்களை வரிசையாக யோசித்துப் பாருங்கள். 'சிந்து பைரவி'யில் ஒரு பெரிய பாடகருக்கு மிருதங்கம் வாசிக்கிறவர். 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கரின் கூடவே இருக்கும் ஐயர். 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகும் பாலக்காடு மணி ஐயர். எல்லோருமே யாருக்கோ கீழே வேலை பார்க்கிறவர்கள். எதிரே நிற்பவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அந்த அரை நொடித் தாமதம் அவரிடம் பழுதில்லாமல் இருக்கும். அதிகாரியின் முன்னால் பத்து வருடம் நின்ற உடம்புக்கு அது தானாக வரும். நடிப்புப் பள்ளியில் வருமா என்று தெரியவில்லை.

தெருக்கூத்தில் ராஜா திரைக்குப் பின்னால் இருக்கும்போதே கட்டியங்காரன் வந்து அவன் பெருமையைப் பாடிவிடுவான். ராஜாவின் கிரீடம் அட்டைதான் என்பது முன்வரிசைப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கட்டியங்காரன் பயப்படுகிற பயத்தில் அவன் ராஜாவாகிவிடுகிறான். 'நாயகன்' படத்தை இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். வேலு நாயக்கருக்கு இந்தி தெரியாது. பம்பாயில் இருந்துகொண்டு இந்தி பேசுகிறவர்களோடு மோத வேண்டும். நடுவே நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பவர் ஐயர். வேலு சொல்வது இரண்டு வார்த்தை. அதை அடுத்தவரிடம் கொண்டுபோகும்போது ஐயர் தன் சொந்தக் கோபத்தைச் சேர்ப்பதில்லை, தன் பயத்தையும் சேர்ப்பதில்லை. கமல்ஹாசன் சும்மா உட்கார்ந்திருப்பார், இவர் நிற்கும் நிலையே உட்கார்ந்திருப்பவர் யார் என்று நமக்குச் சொல்லிவிடும்.

'சிந்து பைரவி' அதற்கு இரண்டு வருடம் முந்தியது. கச்சேரிக்குக் குடித்துவிட்டு வந்த மிருதங்கக்காரர் குருமூர்த்தியை, அதாவது டெல்லி கணேஷை, பாடகர் ஜே.கே.பி. மேடையேற்றமாட்டார். மிருதங்கம் இல்லாமலே பாடிவிடுவார். பாடகராக வரும் சிவகுமாருக்கு அது வெற்றிக் காட்சி, கைதட்டல் அவருக்கு. ஆனால் நான் முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து என் கண் குருமூர்த்தியைத்தான் தேடுகிறது. தான் இல்லாமலும் கச்சேரி நடந்துவிடும் என்று ஒரு பக்கவாத்தியக்காரர் ஊர் பார்க்கத் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது? படம் அதற்கு மேல் அவரை விளக்கவில்லை. மீதி அவர் முகத்தில் இருக்கிறது.

மணி ஐயரைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சாம்பாரில் மீன் விழும் அந்தச் சமையலறை அமளியை நீங்களும் பத்து முறையாவது பார்த்திருப்பீர்கள். ஒன்று மட்டும். நெல்லைச் சீமையில் பிறந்தவர் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறார், அதுவும் கிரேசி மோகனின் வசனத்தை, அந்த வேகத்தில். ஒரு சொல் தவறினால் அடுத்த சிரிப்பு போய்விடும். 'அதே இழுவைக் குரல்' என்று எழுதினீர்களே, முனியாண்டியின் பேச்சையும் மணி ஐயரின் பேச்சையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

இனி சீரியல். இதில் எனக்குக் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. முன்பு ஒரு மெகா தொடருக்கு எட்டு மாதம் வசனம் எழுதினேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை, அது வேறு கதை. காலையில் ஜெராக்ஸ் எடுத்த சூடு ஆறாமல் தாள்கள் செட்டுக்குப் போகும். ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு சீன். ஓரத்தில் நின்று ஒருவர் வசனத்தை எடுத்துக்கொடுப்பார், நடிகர் அதைக் காதில் வாங்கிச் சொல்வார். பிறகு கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் ரியாக்‌ஷன் எடுக்கும். இந்த அவசரத்தில் உருப்படியாக ஏதாவது செய்ய முடிந்தவர்கள் மேடையிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான்.

அந்தத் தொடரில் டெல்லி கணேஷ் இல்லை. ஆனால் அவரைப் போலவே சபா நாடகத்தில் தேர்ந்த ஒரு மூத்த நடிகர் இருந்தார். மருமகளுக்கு மாமனார் புத்தி சொல்வதாக இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை நான் பாதியில நிறுத்திக்கறேன். மீதியை அந்தப் பொண்ணு அழுது முடிச்சிடும்" என்றார். அப்படியே எடுத்தார்கள். அந்த எட்டு மாதத்தில் நான் எழுதியதிலேயே நல்ல சீன் அது, ஏனென்றால் அதில் பாதியை நான் எழுதவில்லை. சீரியலில் நடித்து ஒருவர் நீர்த்துப்போவார் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. வேலை வந்தால் செய்வது என்பது சம்பளக்காரர்களின் குணம். டெல்லி கணேஷும் அந்த ரகம். 'எங்கம்மா மகாராணி' என்ற படத்தில் கதாநாயகனாகக்கூட நடித்தார். அது ஓடவில்லை என்று மூலையில் உட்கார்ந்துவிடாமல் அடுத்த கால்ஷீட்டுக்குப் போனார்.

இறந்தவர் என்பதால் கூட்டிச் சொல்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 நவம்பர் 9 அன்று, 80 வயதில் இறந்தார். அதன் பிறகு அவர் வீட்டுக்கு நடிகர்களோடு விமானப்படைக்காரர்களும் வந்து, தங்கள் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். வேலையை விட்டு ஐம்பது வருடம் ஆகியிருந்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தபோதுதான் அவர் வேடங்களை எனக்கு இந்த வரிசையில் யோசிக்கத் தோன்றியது. அந்த அளவுக்கு உங்கள் சந்தேகம் சரி.

'பசி' எங்காவது கிடைத்தால் அப்பாவோடு சேர்ந்து பாருங்கள். அதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள், அது வந்தபோதே தியேட்டரில் பார்த்தவராக இருக்கலாம். முனியாண்டி பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.