மு : அ வந்துவிட்டது, அ மட்டும் திரும்பி வரவில்லை

கேள்வி: க, ச, த, ப ஆகிய நான்கு மாறிகளில், விகிதமுறு எண்களின் மேல், அ = (கத−ச², சப−த², க(கப−சத)) என்ற சமபடித்தான ஐடியலை (இந்தப் பிறப்பிகளை எந்தப் பல்லுறுப்புக்கோவைகளாலும் பெருக்கிக் கூட்டிக் கிடைப்பவற்றின் தொகுப்பு) எடுத்தேன். முதல் இரண்டு பிறப்பிகளை மட்டும் வைத்து மு என்ற ஐடியல். மு : அ என்று கோலன் போட்டால் (அ-வில் உள்ள எதனோடு பெருக்கினாலும் மு-வுக்குள் விழும் கோவைகளின் ஐடியல்) (ச, த) வருகிறது. இரண்டு ஐடியல்கள் மு வழியே ஒன்றையொன்று தருவதுதான் லிங்கேஜ் (லிங்க்) என்றால், மு : (ச, த) போடும்போது அ திரும்பி வர வேண்டும் அல்லவா? வேறு ஏதோ வருகிறது. மெக்காலே2 மென்பொருளில் கோளாறா, என் தவறா?

பதில்: மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. நீங்கள் போட்ட கணக்கும் சரி. அதை லிங்க் என்று நினைத்ததுதான் சிக்கல்.

ஒரு தாளில் போட்டே பார்க்கலாம். கப−சத என்பதை ச-ஆல் பெருக்கினால் க(சப−த²) + த(கத−ச²) கிடைக்கும். த-ஆல் பெருக்கினால் ப(கத−ச²) + ச(சப−த²). இரண்டும் மு-வுக்குள் விழுகின்றன. ஆகவே மு : (ச, த) போட்டால் கப−சத உள்ளே வந்தே தீரும். ஆனால் உங்கள் அ-வில் இரண்டாம் படியில் இருப்பவை முதல் இரண்டு பிறப்பிகளின் சேர்க்கைகள் மட்டுமே. கப−சத அங்கே கிடையாது. திரும்பி வந்தது அ-வைவிடப் பெரிய ஐடியல், அதாவது கத−ச², சப−த², கப−சத மூன்றும் பூச்சியமாகும் முறுக்கிய கன வளைவின் ஐடியல்.

படமாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. மு என்பது இரண்டு இருபடிப் பரப்புகள் வெட்டும் இடம், அதன் படி (ஒரு பொதுவான தளம் அதை வெட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) 4. அதில் படி 3 உள்ள அந்த வளைவும் ச = த = 0 என்ற நேர்கோடும் இருக்கின்றன. இவை இரண்டும்தான் உண்மையில் லிங்க் ஆனவை. உங்கள் அ-வோ அதே வளைவுதான், ஆனால் (0,0,0,1) என்ற புள்ளியில் ஒரு உட்பொதிந்த கூறு (வளைவின் மேலேயே ஒரு புள்ளியில் ஒட்டும் கூடுதல் துண்டு) ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோலன் போடும்போது அந்தத் தூசு உதிர்ந்துவிடும், மறுபடி ஒட்டாது.

படியை மட்டும் சரிபார்த்தால் இது மாட்டாது. இரண்டுக்கும் 3 தான். ஹில்பர்ட் பல்லுறுப்புக்கோவையை (பெரிய படி ந-இல், ஐடியலால் வகுத்த பின் எத்தனை பரிமாணம் மிஞ்சும் என்று சொல்வது) பாருங்கள்: வளைவுக்கு 3ந+1, உங்களுடையதற்கு 3ந+2. அந்தக் கூடுதல் 1 தான் தூசு. சாச்சுரேஷன் செய்தால் போய்விடும் என்று பலர் நினைப்பார்கள் (மாணவனாக இருந்தபோது நானும்தான்). போகாது. ஒட்டியிருப்பது வளைவின் மேல் உள்ள ஒரு நிஜப் புள்ளியில். சாச்சுரேஷன் நீக்குவது எல்லா மாறிகளாலும் ஆன உச்ச ஐடியலின் கூறை மட்டுமே.

இதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து எங்கே? லிங்க் வழியே கோஹென்–மெக்காலே தன்மை (உட்பொதிந்த கூறுகளுக்கு இடமே தராத ஓர் ஒழுங்குத் தன்மை) கடத்தப்படும் என்று பெஸ்கினும் ஸ்பிரோவும் 1974-இல் காட்டினார்கள். (ச, த) கோஹென்–மெக்காலே, எனவே அ-வும் அப்படியே என்று நீங்கள் எழுதியிருந்தால் மொத்த நிரூபணமும் போயிற்று. உட்பொதிந்த கூறு உள்ள அ அப்படி இருக்கவே முடியாது.

சரி, என்ன செய்யலாம்? மு-வைத் தேர்ந்ததும் அதன் கோடிமென்ஷனும் (மொத்த வெளியைவிட எத்தனை பரிமாணம் குறைவு என்பது) அ-வின் கோடிமென்ஷனும் ஒன்றா என்று பாருங்கள். இங்கே இரண்டுக்கும் 2, அதில் குறையில்லை. அப்புறம் மு : (மு : அ) போட்டு அ-வோடு ஒப்பிடுங்கள். சமம் என்றால் மட்டும் லிங்க் என்று எழுதுங்கள். சமமில்லை என்றால், திரும்பி வந்ததையே புது அ-வாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். உங்கள் கணக்கில் மூன்றாவது பிறப்பியில் அந்த முன் க எப்படி வந்தது என்பதையும் ஒருமுறை பாருங்கள். தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம்.